சில்லறை மீட்டர்

(மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல்)

மலர்க்குழு நண்பர்கள் "ஏதாவது எழுதிக் குடுடா" என்று கேட்டபோது முதலில் கவிதைதான் எழுதினேன். அதைப் படித்துப் பார்த்த செயலாளர், "இந்த வருஷம் காதல் கவிதை பதினேழு வந்திருக்கு, நீ லினக்ஸ்ல ஏதோ பண்ணி மாட்டிக்கிட்டியாமே, அதை எழுது" என்று சொல்லிவிட்டார். அதனால் வாசக நண்பர்களே, நீங்கள் ஒரு கவிதையிலிருந்து தப்பித்தீர்கள். வேறொன்றில் மாட்டிக்கொண்டீர்கள்!

எனக்குச் சோழபுரம். தினமும் ராஜபாளையத்துக்கு பஸ் ஏறி வருகிறவன். எங்கள் பக்கத்தில் நூல், துணி இல்லாத வீடு கிடையாது. மில்லுக்குப் போகிறவர்கள் பாதி, தறிக்குப் போகிறவர்கள் மீதி. சத்திரப்பட்டி வட்டாரத்தில் நெய்கிற பேண்டேஜ் துணி எந்த ஊர் ஆஸ்பத்திரிக்கெல்லாமோ போகிறது. என் அம்மாவும் பேண்டேஜ் துணிக்குத் தறி ஓட்டுகிறவர்கள்தான். அந்தத் தறிக்கூடத்து முதலாளியை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும். நான் மாமா என்பேன். சொந்தம் இல்லை, பழக்கம்.

எங்கள் வீட்டில் ஒரு லேப்டாப் உண்டு. அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த விலையில்லா மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் தொடங்கிய திட்டம் அது. அக்காவுக்கு 2013ல் கிடைத்தது. 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். அதில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், பக்கத்திலேயே பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். பாஸ் என்பது சென்னை சி-டாக் 2007ல் வெளியிட்டது, டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்துச் செய்தது. லேப்டாப் வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த இரண்டாவது கதவைத் திறந்து பார்த்தார்கள் என்று தெரியாது. எங்கள் அக்கா திறந்தாள். திறந்ததோடு நிற்கவில்லை. டிப்ளமோ முடிக்கிற சமயம், 2015 ஏப்ரலில் டெபியன் 8 வந்ததும், ஒரு சீனியரிடம் டிவிடி வாங்கி எல்லாவற்றையும் அழித்து அதைப் போட்டுவிட்டாள். ("அரசாங்கம் குடுத்ததை அழிக்கிறாளே, போலீஸ் வருமா?" என்று அம்மா பயந்தார்கள்.)

டெபியன்காரர்கள் ஒவ்வொரு பதிப்புக்கும் டாய் ஸ்டோரி படத்துப் பொம்மைகளின் பெயரை வைப்பார்கள். 8க்கு ஜெஸ்ஸி. 2023 ஜூனில் வந்த 12க்கு புக்வார்ம். எப்போதும் சோதனையிலேயே இருக்கிற பதிப்புக்கு சிட் என்று பெயர். அந்தப் படத்தில் பொம்மைகளை உடைக்கிற பக்கத்து வீட்டுப் பையன் பெயர் அதுதான். தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்!

அந்த ஜெஸ்ஸியில்தான் அக்கா அண்ணாச்சிக்கு ஒரு கூலிக்கணக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்தாள். பைத்தான் மொழி. நூற்று இருபது வரிகூட இருக்காது. சனிக்கிழமை ஒவ்வொருவரும் எத்தனை மீட்டர் நெய்தார்கள் என்று தட்டினால் கூலியைச் சொல்லும், ஒரு ஃபைலில் எழுதியும் வைக்கும். 2021ல் அக்கா கல்யாணமாகித் திருப்பூருக்குப் போனபிறகு அந்த வேலை எனக்கு வந்தது. சனிக்கிழமை மத்தியானம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போவேன், நான் வாசிக்க வாசிக்க மாமா நோட்டில் எழுதிக்கொள்வார். வாரம் 200 ரூபாய் எனக்கு. அதுதான் என் பஸ் செலவும் பரோட்டா செலவும்.

இனி நான் செய்த கூத்து.

2024 தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. அதற்கு முந்தைய வியாழக்கிழமை ராத்திரி, இரண்டாம் ஆண்டு மினி புராஜெக்டுக்காக வீட்டு லேப்டாப்பில் புதிய பைத்தான் வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஜெஸ்ஸியில் இருந்தது பைத்தான் 2.7ம் 3.4ம். எனக்கு வேண்டியது 3.11. சனிக்கிழமை கூலி நாள், அதுவும் போனஸ் வாரம் என்பது நினைவில் இருந்தது. "இன்னும் ஒரு முழுநாள் இருக்கே" என்றும் தோன்றியது. பரீட்சைக்கு முந்தின ராத்திரி புத்தகம் திறக்கிற நம் எல்லோருக்கும் பரிச்சயமான எண்ணம்தான்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லினக்ஸில் மென்பொருளை பாக்கேஜ், பாக்கேஜாகக் கட்டி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பாக்கேஜின் மேலும் ஒரு சீட்டு: என் பெயர் இது, என் பதிப்பு எண் இது, நான் ஓட வேண்டுமென்றால் இன்னின்ன பாக்கேஜ், இன்ன பதிப்புக்குக் குறையாமல் இருக்க வேண்டும். டெபியனில் அந்தக் கட்டைப் பிரித்து உள்ளே அடுக்குகிறவன் டிபிகேஜி. அவனுக்கு மேல் மேஸ்திரி மாதிரி ஆப்ட். டெபியன் 1993ல் தொடங்கியது, ஆப்ட் 1999ல் வந்த 2.1 பதிப்பில்தான் சேர்ந்தது. எதற்கு எது வேண்டும், எதை முதலில் போட வேண்டும், எது எதோடு சண்டை போடும் என்று முழுக்கணக்கையும் பார்த்து வேலை சொல்வது மேஸ்திரி. டிபிகேஜி கையில் கொடுத்ததை மட்டும் பார்ப்பான். குறை இருந்தால் ஆட்சேபிப்பான், ஆனால் "பரவாயில்லை, போடு" என்று அதட்டினால் போட்டுவிடுவான்.

பதிப்பு எண்ணிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1.9 பெரிதா, 1.10 பெரிதா? கணக்கு சாரைக் கேட்டால் 1.9 என்பார். ஆப்டைக் கேட்டால் 1.10 என்கும். அது புள்ளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தனித்தனி எண்ணாகப் பார்க்கும், ஒன்பதுக்கு அடுத்தது பத்து. இது வைவாவில் கேட்கப்பட்டு நான் தப்பாகச் சொன்ன கேள்வி.

சரி. முதலில் ஆப்டிடம் கேட்டேன். ஜெஸ்ஸிக்கான கிடங்கே பழைய இடத்தில் இல்லை என்றது. ஆதரவு முடிந்த பதிப்புகளை டெபியன்காரர்கள் தனிக் காப்பகத்துக்கு நகர்த்திவிடுவார்கள். ஒன்பது வருஷம் அப்டேட்டே செய்யாத எங்களுக்கு அது எப்படித் தெரியும்! உடனே அமைப்புக் கோப்பில் ஜெஸ்ஸி என்று இருந்த இடத்தில் புக்வார்ம் என்று மாற்றினேன். எட்டிலிருந்து நேராகப் பன்னிரண்டு. நடுவில் 9, 10, 11 என்று மூன்று படி இருக்கிறது, ஒவ்வொன்றாகத்தான் ஏற வேண்டும், தாண்டிக் குதிக்காதே என்று டெபியன் தன் வெளியீட்டுக் குறிப்பில் தெளிவாகவே எழுதுகிறது. நான் குறிப்பைப் படிக்கவில்லை. ஆப்ட், "இந்தக் கையெழுத்தைச் சரிபார்க்கிற சாவி என்னிடம் இல்லை" என்றது. 2015ல் பூட்டியவனிடம் 2023ன் சாவி எப்படி இருக்கும்? அதையும் மீறிப் போகச் சொன்னேன். சில நூறு பாக்கேஜை நீக்கப் போகிறேன், சம்மதமா என்று கேட்டது. அங்கே மட்டும் பயந்து வேண்டாம் என்றேன். அன்று ராத்திரி நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது.

அப்புறம்தான் பெரிய தப்பு. மேஸ்திரி சரிப்பட்டு வராததால், பைத்தான் பாக்கேஜைத் தனியே இறக்கி டிபிகேஜியிடம் கொடுத்தேன். "லிப்-சி-6 புதுசு வேண்டும்" என்றான். லிப்-சி-6 என்பது கிட்டத்தட்ட எல்லாப் புரோகிராமும் சாய்ந்து நிற்கிற சுவர். அதையும் இறக்கினேன். "இது வேண்டும், அது வேண்டும்" என்று மறுபடியும் ஆட்சேபித்தான். கட்டாயப்படுத்திப் போடு என்று கட்டளை கொடுத்தேன்.

போட்டுவிட்டான்!

பழைய லிப்-சி-6க்கு உள்ளேயே லிப்கிரிப்ட் என்று ஒரு சின்னக் கோப்பு இருந்தது. பாஸ்வேர்டைச் சரிபார்க்க உதவுவது. பிற்காலப் பதிப்புகளில் அதைத் தனி பாக்கேஜாகப் பிரித்துவிட்டார்கள். நான் சுவரை மட்டும் மாற்றினேன், தனியாகப் போன செங்கலைக் கொண்டுவரவில்லை. திரையில் 'லிப்கிரிப்ட் காணோம்' என்று ஒரு வரி. பெர்ல் மொழிக்கும் அந்தக் கோப்பு வேண்டும். பாக்கேஜ் போடுகிற வேலையில் பாதி பெர்லை நம்பி நடக்கிறது. ஆக, கெட்டதைச் சரிசெய்கிற கருவியும் சேர்ந்து கெட்டது. நான் என்ன செய்தேன்? விண்டோஸ் பழக்கத்தில் ரீஸ்டார்ட் செய்தேன். அதன்பின் சரியான பாஸ்வேர்டைப் போட்டாலும் உள்ளே விடவில்லை. உள்ளே விடுவதற்கும் அதே கோப்புதான் வேண்டும்.

மணி ஒன்றரை. அம்மா எழுந்து வந்து, "இன்னும் தூங்கலையா தம்பி?" என்றார்கள். "புராஜெக்ட்மா" என்றேன். ஒன்பது வருஷக் கூலிக்கணக்கு அந்தப் பெட்டிக்குள் இருந்தது. நகல்? கிடையாது. போனஸ் என்பது வருஷ மொத்தக் கூலியில் இத்தனை சதவீதம். அந்த மொத்தமும் அதற்குள்தான்.

வெள்ளிக்கிழமை காலை லேப் சார் முன்னால் பெட்டியை வைத்து நின்றேன். சார் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பென் டிரைவிலிருந்தே ஓடுகிற டெபியன் 12ஐச் செருகி, அதன் வழியாக ஹார்ட் டிஸ்கைத் திறந்து காட்டினார். அக்காவின் ஃபோல்டர் அப்படியே இருந்தது. "மொதல்ல இதை ரெண்டு எடத்துல காப்பி எடு. அப்புறம் அழு" என்றார். எடுத்தேன்.

"அந்தக் கோப்பை மட்டும் உள்ள வச்சா மறுபடி எந்திரிச்சு ஒக்காரும். ஆனா தலை புக்வார்ம், உடம்பு ஜெஸ்ஸி. நாளைக்கு வேற எங்கயாவது கோணும். சுத்தமாப் புதுசு போடு" என்றார். கூடவே, ஒரு பாக்கேஜை இந்தப் பதிப்பிலேயே நிறுத்திவைக்க ஆப்டில் 'ஹோல்டு' என்று ஒரு வழி இருப்பதையும், சோதனை பண்ணுவதைத் தனியாக ஒரு அறைக்குள் வைத்துக்கொள்ள பைத்தானிலேயே வசதி இருப்பதையும் காட்டினார். இதை ஒரு நாள் முன்னால் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

அன்று ராத்திரி டெபியன் 12 ஏறியது. ஆனால் அதில் பைத்தான் 2 கிடையாது. பைத்தான் 2க்கு 2020 ஜனவரி 1ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. புக்வார்மில் அதை எடுத்தே விட்டார்கள். அக்காவின் புரோகிராமோ பைத்தான் 2. பழையதைப் புதியதாக மாற்ற ஒரு கருவி இருக்கிறது, டூ-டு-த்ரீ என்று பெயர். அதில் போட்டேன். பிரிண்டுக்கு அடைப்புக்குறி போட்டது, இரண்டொரு கட்டளையின் பெயரை மாற்றியது. ஓட்டினேன், ஓடியது. கத்த வேண்டும் போல் இருந்தது. அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை, சார் சொன்னபடி, முந்தைய வாரத்து மீட்டர்களையே கொடுத்துச் சோதித்தேன். அந்த வாரத்துக் கூலி ஏற்கெனவே ஃபைலில் இருந்தது. ஒன்பது பேரில் எட்டுப் பேருக்கு ஒத்துப்போகவில்லை.

எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கூடுதல். ஒருவருக்கு 3 ரூபாய் 60 காசு, ஒருவருக்கு 10 ரூபாய் 80 காசு. கருவிதான் கெடுத்துவிட்டது என்று வரிவரியாகத் தேடினேன். ஒன்றும் தப்பில்லை. பிறகுதான் ஒத்துப்போன அந்த ஒரு ஆளைப் பார்த்தேன். அவர் நெய்தது 1,960 மீட்டர். கடைசி இலக்கம் பூஜ்ஜியம்.

கூலி 10 மீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கு. (உண்மை ரேட்டை எழுதாதே என்று மாமா சொல்லியிருக்கிறார். 12 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கீழே வருகிற தொகை எல்லாம் அதை ஒட்டித்தான்.) அம்மா அந்த வாரம் நெய்தது 2,147 மீட்டர். பத்தால் வகுத்தால் 214.7. பன்னிரண்டால் பெருக்கினால் 2,576 ரூபாய் 40 காசு. ஆனால் பைத்தான் 2ல் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் தசமத்தை வெட்டிவிட்டு முழு எண்ணைத்தான் கொடுக்கும். 2,147ஐப் பத்தால் வகுத்தால் 214. கூலி 2,568. மிச்சம் 7 மீட்டர் காற்றில்! இது ஆட்களைக் குழப்பும் என்று 2001லேயே பைத்தான்காரர்கள் எழுதிவைத்து, 2008 டிசம்பரில் வந்த 3.0ல் மாற்றினார்கள். டூ-டு-த்ரீ இந்த வகுத்தலைத் தொடுவதில்லை, குறியை அப்படியே விட்டுவிடும். அதே வரி, அதே குறி. பைத்தான் 3ல் ஓடியதும் ஒன்பது வருஷத்தில் முதல் முறையாகச் சரியான விடை சொன்னது.

ஒன்பது வருஷத்து ஃபைல்களையும் புதியதில் ஓட்டினேன். இடையில் வந்தவர், போனவர் எல்லாம் சேர்த்துப் பதினான்கு பேர். குறைந்த தொகை 17,846 ரூபாய். அதில் என் அம்மாவுக்கு மட்டும் 2,013 ரூபாய். எழுதியது அக்கா. வாரா வாரம் வாசித்தது நான்.

மத்தியானம் தறிக்கூடத்துக்குப் போனேன். கூலியை வாசிக்க ஆரம்பித்ததும் மாமா பேனாவை நிறுத்தினார். "என்னப்பா, காசு கணக்கெல்லாம் வருது? ஒன் கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சா? போன வாரம் வரை சரியாத்தானே இருந்துச்சு?"

"போன வாரம் வரைதான் மாமா தப்பு" என்று சொல்லி, நோட்டின் ஓரத்தில் பென்சிலால் போட்டுக் காட்டினேன். மாமா ஐந்தாம் வகுப்பு. ஆனால் மனக்கணக்கில் நம்மையெல்லாம் விற்றுவிடுவார். ஒரு நிமிஷம் பார்த்தார். "எத்தனை நாளா?" என்றார். சொன்னேன். மொத்தத் தொகையையும் சொன்னேன். பக்கத்தில் தறிகள் ஓடுகிற சத்தம், அவர் முகத்தை மட்டும்தான் பார்க்க முடிந்தது.

"இந்த வாரம் சரியான கணக்குலயே குடுத்துருவோம். போனஸும் அதுலயே போடு. பழசைப் பத்தி யார்ட்டயும் மூச்சு விடாத. தீபாவளி முடியட்டும்."

சரி என்று தலையாட்டினேன். அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. என் 200 ரூபாயை வாங்கிக்கொண்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ராத்திரி அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. சொன்னேன். அம்மா திடுக்கிடுவார்கள் என்று நினைத்தேன். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கங்களைச் சேர்த்துத் தைத்த ஒரு சின்ன நோட்டை எடுத்து வந்தார்கள். வாராவாரம் நெய்த மீட்டர், வர வேண்டிய கூலி, வந்த கூலி, மூன்றும் இருந்தது.

"தெரியுமாம்மா?"

"சில்லறை மீட்டரை விட்டுத்தான் போடுவாங்க போலன்னு நெனச்சேன். கையால போட்ட காலத்துல அண்ணாச்சி விடமாட்டாரு. கம்ப்யூட்டர்னா அப்படித்தான்னு இருந்துட்டேன்."

"கேட்டிருக்கலாம்ல?"

"அக்கா எழுதுன கணக்கு. அதைப் போய் தப்புன்னு எப்படிய்யா கூடத்துல வச்சுக் கேப்பேன்?"

அதற்குமேல் நான் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே, நான் பெட்டியை எப்படிக் கெடுத்தேன் என்று கேட்டார்கள். எட்டிலிருந்து பன்னிரண்டுக்குத் தாண்டியதைச் சொன்னேன். சிரித்தார்கள். "பாவு தீந்தா என்ன செய்வோம்? பழைய பாவு நூலை அச்சோட விட்டுவச்சு, புதுப்பாவு நூலை ஒவ்வொண்ணா முடிச்சுப் போட்டுப் பிணைக்கணும். நூத்துக்கணக்குல இருந்தாலும் ஒவ்வொண்ணாத்தான். மொத்தமா அறுத்துட்டு புதுசை மாட்டுனா தறி நிக்கும்." நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். ஆறு செமஸ்டரில் எந்தப் பாடப் புத்தகமும் எனக்கு இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

தீபாவளிக்கு ஊருக்கு வந்த அக்காவிடம் அம்மா சொல்ல வேண்டாம் என்றார்கள். நான் சொல்லிவிட்டேன். அவள் லேப்டாப்பைத் திறந்து அந்த ஒரு வரியையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "பத்துக்குப் பக்கத்துல ஒரு புள்ளியும் பூஜ்ஜியமும் வச்சிருந்தா போதும்டா" என்றாள். உண்மைதான், 10 என்பதை 10.0 என்று எழுதியிருந்தால் பழைய பைத்தானும் சரியாக வகுத்திருக்கும். மறுநாள் யாரையும் கேட்காமல் அண்ணாச்சி வீட்டுக்குப் போய், தப்பு என்னுது, பாதிப் பணத்தை நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒங்காசை வாங்கித்தான் நான் கூலி குடுக்கணுமா? போ புள்ள" என்று விரட்டிவிட்டாராம்.

2025 பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை, நான் அச்சடித்துக் கொடுத்த பட்டியலை வைத்து, பதினான்கு கவர் போட்டார் மாமா. என்ன காசு என்று எல்லோரையும் கூப்பிட்டு அவரே சொன்னார். ஒரு பெரியவர், "எட்டு ரூபாய்க்கு எட்டு வருஷம் கழிச்சு கணக்கா!" என்று கேலி பண்ணினார், ஆனால் எண்ணிப் பார்த்துத்தான் மடியில் வைத்தார். அம்மா தன் கவரைப் பிரித்து காலண்டர் நோட்டோடு சரிபார்த்தார்கள். என் கணக்குக்கும் அவர்கள் கணக்குக்கும் 4 ரூபாய் வித்தியாசம் வந்தது. அம்மாவுடையதுதான் சரி. ஒரு வாரம் நான் மீட்டரைத் தப்பாகத் தட்டியிருக்கிறேன்.

இப்போது அந்த லேப்டாப்பில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்டேட் போடுகிறேன். கூலி ஃபோல்டர் மூன்று இடத்தில் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்ததும் கை அரித்தது. வெளியீட்டுக் குறிப்பை முழுக்கப் படித்து முடிக்கிறவரை தொடவில்லை. படிக்க இரண்டு வாரம் ஆனது.

கவர்களில் பதின்மூன்று போய்ச் சேர்ந்துவிட்டது. ஒன்று மட்டும் இன்னும் மாமாவின் மேஜை டிராயரில் இருக்கிறது. 2019லேயே தறியை விட்டுத் திருப்பூருக்குப் போன ஒரு அண்ணனுடையது, 640 ரூபாய். பழைய போன் நம்பர் எடுப்பதில்லை. அக்கா அங்கே விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.